தென்னார்க்காட்டு உபதேசிமார்

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்றிசை நோக்கினால் கல்வராயன் மலை கண்ணுக்குப் புலப்படும். அம்மலையிற் பிறந்த கோமுகியாறு ஊரை அடுத்து ஓடுகின்றது. வடகிழக்கே சென்றால் தென்பெண்ணையின் கரையில் திருக்கோவலூர். அது மலையமான் ஆண்ட பதி. கபிலர் உயிர்நீத்த இடமென்று ஆற்றினுள் ஒரு பாறையைக் காட்டும் ஊர். முதலாழ்வார் மூவரும் ஓர் இரவில் ஓர் இடைகழியில் கூடிய தலம். இத்தகைய பழம்பதியிலே 'டேனிஷ் மிஷன்' என்னும் பெயர் தாங்கிய மருத்துவமனை ஒன்றும் இருக்கின்றது. டென்மார்க்கு ஐரோப்பாவின் வடபாலுள்ள சிறிய நாடு. அந்நாட்டின் பெயர் பெண்ணையாற்றங்கரைக்கு எவ்வாறு வந்தது? மாணவர் ஒருவர் ஒருமுறை என்னிடம் இதைக் கேட்டார். அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், தமிழ்நாட்டில் நற்செய்தியைப் போதித்தவர் யாவர், போதிக்கும் தகுதி யாருக்கு உண்டென்று கருதப்பட்டது என்னும் நீண்ட வழக்கொன்று நம்முன் விரியும்.

கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 1993-க்கு முன் பழைய தென்னார்க்காட்டில் ஒரு வட்டம். தென்னார்க்காட்டின் தலைநகர் கடலூர். ஆகவே மலையடிவாரத்துக் கதையைச் சொல்லக் கடற்கரையிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கிறது. கடற்கரையிலும் சற்றுத் தெற்கே தள்ளித் தரங்கம்பாடியில்.

தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து டேனியர் 1620-இல் பெற்ற துறைமுகம் தரங்கம்பாடி. அவர்கள் வாணிகத்திற்கு வந்தவர்கள். சமயத்தைப் பற்றிப் பல்லாண்டுகள் கவலைப்பட்டாரல்லர். 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, சீகன்பால்கு, புளுட்சோ என்னும் ஜெர்மானியர் இருவர் அங்கே வந்திறங்கினர். கம்பெனி அதிகாரிகள் அவர்களை வரவேற்கவில்லை. சீகன்பால்கு திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். சில ஆண்டுகளில் தமிழ்ச் சுவடிகளைத் தொகுத்துப் பட்டியலிடும் அளவுக்குத் தேர்ந்தார். தம் பிரசங்கங்களை ஓலையில் எழுதுவித்தார். நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய நூல் 1714-இல் அங்கேயே அச்சாயிற்று. 'அஞ்சு வேதபொத்தகம்' என்பது அதன் பெயர். 'புத்தகம்' என்னாது 'பொத்தகம்' என்றது கவனிக்கத்தக்கது. தெருவில் வழங்கிய சொல் அப்படியே அச்சேறியிருக்கிறது.

அக்காலத்தில் தமிழர் சிலர் சீகன்பால்குவுக்கும் அவருடைய தோழர்க்கும் எழுதிய கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் வெளியாயின. 1712 முதல் 1714 வரை எழுதப்பட்டவை அவை. மிகவும் சுவையானவை. பாதிரிமார் வினவுகின்றனர், தமிழர் விடையிறுக்கின்றனர். உங்கள் வேதம் நல்லதாயிருக்கலாம். ஆனால் இங்குள்ள கிறிஸ்தவர் குடிக்கின்றனர், தூய்மை பேணுகின்றாரில்லை, பிறகு அதை எவ்வாறு ஏற்போம் என்பது அவ்விடைகளில் மீண்டும் மீண்டும் வரும் கருத்து. பிரசங்கத்தைக் கேட்கும் மக்கள் பிரசங்கியையும் பார்க்கின்றார்கள் என்ற உண்மை முதல் பத்தாண்டுகளுக்குள்ளேயே அந்த ஐரோப்பியருக்கு விளங்கிவிட்டது.

அவர்களுக்கு வேறோர் இடையூறும் இருந்தது. தரங்கம்பாடி எல்லையைக் கடந்தால் தஞ்சை அரசரின் நாடு. அங்கே ஐரோப்பியர் விரும்பியபடி நடமாட இயலாது. ஆகவே ஊர் ஊராகச் சென்றவர்கள் தமிழரே. அவர்களை 'உபதேசியார்' என்று வழங்கினர். உபதேசியார் படிப்பிக்கலாம், செபிக்கலாம், நோயுற்றாரைப் பார்க்கலாம், இறந்தாரை அடக்கம் செய்யலாம்; திருவிருந்து வழங்குதல் மட்டும் குருப்பட்டம் பெற்றவர்க்கே உரியது. எனவே சிற்றூர்க் கிறிஸ்தவர்கள் அப்பத்தையும் இரசத்தையும் பெறத் தரங்கம்பாடிக்கே நடந்து செல்லவேண்டியிருந்தது. நடக்க மாட்டாத கிழவர்கள் அதின்றியே இறந்தனர்.

கத்தோலிக்கர் நிலையும் இதுவே. கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, விருத்தாசலம் பகுதியில் கோனான்குப்பம் என்னும் சிற்றூர் உளது. அங்கே பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் எடுத்தவர் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர். அவருடைய காவியத்தை அறிந்த மாணவர்கள் அவர் இயற்றிய 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலை அறியமாட்டார்கள். வேதியர் என்று அவர் குறிப்பது உபதேசியாரையே. ஊழியம் செய்வோன் எவ்வாறு ஒழுகவேண்டும் என்று அவர்களுக்கென எழுதிய நூல் அது. வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும் ஒருவரையொருவர் கடுமையாக மறுத்து நூல் எழுதியவர்கள். அந்தச் சொற்போரில் காரம் மிகுதி. ஆயினும் இரு சாராரும் உபதேசியாரின் கால்களையே நம்பியிருந்தனர் என்பது அவர்கள் எழுத்திலிருந்தே தெரிகின்றது.

இனி ஆரோனைப் பார்ப்போம்.

கடலூரில் சைவ வேளாளர் குடியில் பிறந்தவர் அவர். பிள்ளைப் பெயர் ஆறுமுகம். சீகன்பால்கு 1717-இல் கடலூரில் ஒரு பள்ளி நிறுவினார். அதன் தொடர்பால் அவ்விளைஞர் கிறிஸ்தவ வேதத்தை அறிந்து 1718-இல் ஞானஸ்நானம் பெற்றார். மறு ஆண்டே சீகன்பால்கு மறைந்தார். ஆரோன் உபதேசியாராய் ஊர்களில் உழைத்தார். இறுதியில், கோபன்ஹேகனின் இசைவு பெற்று, 1733-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயத்தில் அவருக்குக் குருப்பட்டம் அளித்தனர். இந்தியாவில் புராட்டஸ்டண்டுத் திருச்சபையின் குருவாக அபிஷேகம் பெற்ற முதல் இந்தியர் அவரே. பின்னர் பன்னிரண்டு ஆண்டுகளுக்குக் குறைவாகவே உயிர்வாழ்ந்தார், 1745-இல் காலமானார். அந்தச் சில ஆண்டுகளில் மாயவரத்தைச் சூழ்ந்த ஊர்களில் திருவிருந்து மக்களைத் தேடிச் சென்றது. மக்கள் அதைத் தேடி நடந்த வழக்கம் குறைந்தது. இதனை நான் பெரிய மாறுதலாகக் கருதுகிறேன். அச்சுப் பொறியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆரோனின் கால்நடையைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆனால் இக்கதையில் ஒரு முள் இருக்கின்றது. அதே காலத்தில் இராஜநாயக்கன் என்னும் உபதேசியார் ஒருவர் இருந்தார். தஞ்சை அரசரின் படையில் சேவகராய் இருந்தவர். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷ நூல் ஒன்று அவர் கையில் கிடைத்தது. அதைப் படித்துப் படித்து மனம் மாறினார். பகையைத் தாங்கினார். தஞ்சை நாட்டின் பல ஊர்களில் சபைகள் அவர் உழைப்பால் எழுந்தன. அக்கால அறிக்கைகளைப் படிப்போர்க்கு, உபதேசிமாருள் அவரே தலைசிறந்தவர் என்ற எண்ணம் எழாதிராது. ஆரோனுக்குப் பின் இரண்டாவது தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் வேளை வந்தபோது அவர் பெயரும் ஆராயப்பட்டது. 1741-இல் பட்டம் பெற்றவரோ தியாகு என்பவர்.

காரணம் யாது? இராஜநாயக்கன் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். மேற்குலத்துக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்தைப் பெற மனம் ஒவ்வார் என்று மிஷனரிமார் அஞ்சினர். அவர்கள் கொடியவர்களல்லர், சபை பிளவுபடக் கூடாதே என்று எண்ணிய நல்லவர்களே. ஆயினும் நல்லவர்கள் எடுத்த அந்த முடிவு, நூறாண்டுக்கு மேல் சபையின் அடிமரத்தில் ஆணியாய் நின்றது. இராஜநாயக்கன் முணுமுணுக்கவில்லை என்பர். முணுமுணுத்திருந்தால் எழுதி வைத்திருப்பார்களோ என்பது வேறு. 1771-இல் அவர் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

பொருளை நன்கு கவனிக்கவேண்டும். பிரசங்கத்தில் யூதனென்றும் கிரேக்கனென்றும் வேற்றுமையில்லை என்பர். பிரசங்கம் முடிந்ததும் மக்கள் ஆலயத்தில் வேறுவேறு பக்கங்களில் அமர்ந்திருப்பர். திருவிருந்துக்கு ஒரு வகுப்பார் முன்னும் மற்றொரு வகுப்பார் பின்னும் வருவர். வாயால் சொன்னதை வரிசை மறுத்தது. இதனை அக்காலத்துக் கிறிஸ்தவர் சிலர் குலவழக்கம், ஊர் மரியாதை, சமயத்துக்குப் புறம்பானது என்று வாதித்தனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரும் அவ்வாதத்தின் பக்கம் நின்றார். அவருடைய கவித்திறத்தைப் போற்றுவோரும் இதனை மறைக்கவேண்டியதில்லை. தம் மக்களின் பழக்கங்களை அயல்நாட்டார் ஒரே நாளில் அறுத்தெறியப் புகுந்தது அவருக்குப் பொறுக்கவில்லை.

1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று சுற்றுக்கடிதம் விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர். அவ்வாறு வெளியேறியவர்களிற் பலரை லைப்சிக் மிஷன் பின்னர் ஏற்றுக்கொண்டது. அம்மிஷனின் தலைவராயிருந்த கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்த தமிழறிஞர். சாதியைக் கட்டளையால் ஒழிக்க முடியாது, நற்செய்தி உள்ளிருந்து மெல்ல மெல்லக் கரைக்கட்டும் என்பது அவர் கொள்கை. அறிஞரின் பொறுமை அது. ஆனால் அப்பொறுமைக்குரிய விலையை யார் கொடுப்பது? ஆலயத்தின் பின்வரிசையில் இருந்தவர்களே கொடுத்தனர்.

அம்மிஷனுக்குள்ளேயே ஒருவர் அதை ஒப்பவில்லை. கார்ல் ஓக்ஸ் என்னும் ஜெர்மானியர் அவர். நெடுநாள் வழக்காடினார். இறுதியில் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லைப்சிக் மிஷனை விட்டு விலகித் தென்னார்க்காட்டில் நெல்லிக்குப்பத்துக்கும் பண்ணுருட்டிக்கும் இடையிலுள்ள மேல்பட்டாம்பாக்கத்தில் குடியேறினார். தம் இருப்பிடத்துக்குப் பெத்தானியா என்று பெயரிட்டார். சுவிசேஷத்தில் மார்த்தாளும் மரியாளும் விருந்திட்ட சிற்றூரின் பெயர் அது. உணவும் விருந்தும் குறித்தே பிணங்கி வந்த ஒருவர் அப்பெயரைத் தேர்ந்தது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

சம்பளமில்லை, பின்னால் ஒரு சங்கமில்லை. இந்நிலையில் அவர் டென்மார்க்கை நோக்கினார். 1845-இல் டேனிய அரசு தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டிருந்தது. அந்நாட்டின் பழைய மிஷன் தொடர்பும் அற்றது. ஆனால் 1821-இல் தோன்றிய டேனிஷ் மிஷன் சங்கம் ஊழியத்திற்கு ஒரு களத்தைத் தேடிக்கொண்டிருந்தது. 1860-களின் முற்பகுதியில் அச்சங்கம் ஓக்ஸையும் பெத்தானியாவையும் தன்னதாக ஏற்றது. டென்மார்க்கின் பெயர் தென்னார்க்காட்டுக்கு வந்த வழி இதுதான். வாணிகக் கப்பலும் கோட்டையும் அதனைக் கொண்டுவரவில்லை. திருவிருந்தில் யார் யாரோடு அமர்வது என்ற வழக்கே கொண்டுவந்தது. ஓக்ஸ் 1873-இல் இறந்தார். அவர் சேர்த்த சபை சிறியது. எண்ணிக்கையால் அவரை மதிப்பிடுவோர் ஏமாற்றமே அடைவர்.

அவருக்குப் பின் வந்தோர் மேற்கே பரவினர். திருவண்ணாமலை ஒரு நிலையமாயிற்று. திருக்கோவலூரில் உண்டான நிலையத்துக்குச் சீலோவாம் என்று பெயர். அது பார்வையற்றவன் கண் கழுவிப் பார்வை பெற்ற குளத்தின் பெயர். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களுக்கும் ஊழியம் நீண்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சத்திற்குப் பின், தமிழகத்தின் பல பகுதிகளில் சேரி மக்கள் கூட்டங்கூட்டமாய்ச் சபைகளை நாடினர். கஞ்சிக்காக வந்தவர் என்று அவர்களை இகழ்ந்தோர் உண்டு. பசித்தவன் கஞ்சிக்கு வருவது இழிவா, பசியாதவன் மரியாதைக்காக விலகி நிற்பது இழிவா என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட ஊரில் உபதேசியாரின் ஒருநாள் எவ்வாறு கழியும்? செபக்கூடமே பள்ளிக்கூடம், காலையில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடியும் வாய்ப்பாடும். வெயிலேறினால் பிள்ளைகள் மாடு மேய்க்கப் போய்விடுவர். பிறகு மனு எழுதும் வேலை. சேரியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே ஆதலின், தாசில்தாருக்குச் செல்லும் விண்ணப்பமும் மலாயாவுக்குப் போன மகனுக்குத் தாய் சொல்லும் கடிதமும் அவர் கையாலேயே எழுதப்படும். காய்ச்சலில் கிடப்பவரைப் பார்க்கவேண்டும். கிணற்றில் நீர் மறுத்தார் என்றால் மிராசுதாரிடம் தூது போகவேண்டும். கணவன் மனைவி சண்டையும் அவரிடம் வரும். மாலையில் வயலிலிருந்து ஆட்கள் திரும்பிய பின்னரே விளக்கேற்றிச் செபம்; அப்போதுதான் பிரசங்கம். பகலெல்லாம் உழைத்தவர்கள் சுவரில் சாய்ந்து உறங்குவர். உறங்குபவனை எழுப்பாமலும் விழித்திருப்பவனுக்கு விளங்கும்படியும் பேசுவது எளிய கலை அன்று.

அங்கே சுவிசேஷம் எவ்வாறு பேசப்பட்டது என்பதும் ஆராயத்தக்கது. பலஸ்தீனத்து உவமைகளிற் சில தென்னார்க்காட்டுப் புன்செய்க்காரனுக்கு விளக்கமே வேண்டாதவை. விதைப்பவன் கதை கம்பும் வரகும் விதைப்பவனுக்குத் தெரியும். பாறை நிலத்தில் விழுந்த விதை என்ன ஆகும் என்று அவனே சொல்வான். கடுகு விதை தெரியும். காணாமற்போன ஆடும் தெரியும். திராட்சைத் தோட்டம் தெரியாது. ஆனால் அத்தோட்டத்துக் கூலியாட்கள் நன்கு தெரிந்தவர்கள். மாலையில் வந்தவனுக்கும் முழுநாட் கூலி கொடுத்த எசமானனைப் பற்றிக் கேட்கும்போது, மணிலா பறிக்கப் போய்ப் பாதிக்கூலியோடு திரும்பியவன் நிமிர்ந்து உட்கார்வான். காலையிலிருந்து உழைத்தவன், 'அது நியாயமா, ஐயா?' என்று கேட்கவும் கூடும். அந்தக் கேள்விக்கு நின்று விடை சொல்பவரே நல்ல உபதேசியார். ஐரோப்பாவிலிருந்து வந்த கல்விமான்களின் அச்சிட்ட பிரசங்கங்கள் நூலகங்களில் உள்ளன. செபக்கூடத்து விளக்கொளியில் நடந்த அந்த உரையாடல்களை எவரும் எழுதி வைக்கவில்லை. நம் சமய வரலாற்றுக்கு அது பேரிழப்பு.

மலைக்கு வந்தால் கதை மாறுகின்றது. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு பிரிவாகக் கிடக்கும் அம்மலைமேல் வாழ்வோர் மலையாளிகள். மலையை ஆள்பவர் என்பதனால் அப்பெயர். கேரள மக்களோடு குழப்பிக்கொள்ளலாகாது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்களுடைய மரபுவழிக் கதை. சாமையும் தினையும் பயிரிடுவர். அம்மலை மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அம்மக்களுக்கு நிலவுரிமை எளிதில் வரவில்லை. 1976-இல்தான் ஜாகிர் ஆட்சியினின்று மலை முழுதும் விடுபட்டது. அங்கே சமவெளியைப்போல் சபைகள் பெருகவில்லை. மலையாளிகளிற் பெரும்பாலோர் தங்கள் பெருமாளையும் மாரியம்மனையும் காளியையும் வழிபட்டே வருகின்றனர். சமவெளியிலே உபதேசியார்க்கு வழி திறந்துவிட்டது சேரிக்கும் ஊருக்கும் இடையிலிருந்த பிளவு. தலைநிமிர இடம் தேடியவர்கள் அவர் சொல்லைக் கேட்டனர். மலையிலோ ஊரார் அனைவரும் ஒரே குடியினர். அவர்களை அழுத்திய சுமை வேறு. அது நிலத்தைப் பற்றியது. ஒரே நற்செய்தியானாலும் அது விழும் மண்ணைப் பொறுத்தே கேள்வி எழுகின்றது.

திருக்கோவலூர் மருத்துவமனைக்குச் சமவெளியினர் மட்டுமின்றி மலையினரும் வருவதுண்டு. வருபவரிடம் குலம் கேட்பதில்லை. ஒரே நீண்ட கூடத்தில் கட்டில்கள். 1741-இல் தரங்கம்பாடியில் எடுக்க அஞ்சிய முடிவை மருத்துவமனை, வாதமின்றி, வேறொரு வகையில் எடுத்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது.

குருப்பட்டத்தைப் பொறுத்தவரையில் காலம் மெல்ல நகர்ந்தது. தரங்கம்பாடியின் பேராயர் இருக்கையில் இராஜபூஷணம் மாணிக்கம் என்னும் தமிழர் அமர்ந்தது 1956-இல். ஆரோனின் அபிஷேகத்துக்குப் பின் 223 ஆண்டுகள். டேனிஷ் மிஷன் விட்டுச் சென்ற சபைகள் இன்று ஆர்க்காடு லுத்தரன் திருச்சபை என்று வழங்குகின்றன. இந்தியர்களே அதை நடத்துகின்றனர். அதன் தலைமை அலுவலகம் இருப்பது ஆறுமுகம் என்னும் சிறுவன் பிறந்த கடலூரிலே.